பறைக்குப் பேச்சு நின்றது

அந்தக் காலத்தில் தோலுக்கும் நாக்கு இருந்தது. தோளில் மாட்டி ஒரு தட்டு தட்டினால் போதும், பறை மனிதரைப் போலவே பேசும். பறை என்றாலே சொல் என்றுதான் பொருள். சொல்கிறவன் பறையன். அதில் இழிவு ஏதும் இல்லை.

காத்தனிடம் அப்படி ஒரு பறை இருந்தது. அவன் சேரிக்கு ஒரே கேணி. வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வரதப்பன், அந்தக் கேணியைத் தன் தோப்போடு சேர்த்து வேலியடைத்துக்கொண்டான். சித்திரை வெயில். பிள்ளைகள் சேற்றைத் துணியில் பிழிந்து குடித்தார்கள்.

துரை ஊருக்கு வெளியே கூடாரம் அடித்திருப்பதைக் கேள்விப்பட்டுக் காத்தன் பறையோடு புறப்பட்டான்.

“நீ வாயைத் திறக்காதே, காத்தா. பயத்தில் பாதியை விழுங்கிவிடுவாய். நான் பேசிக்கொள்கிறேன்” என்றது பறை.

“கொஞ்சம் மரியாதையாகப் பேசு.”

“யாருக்கு? கேணியைத் திருடியவனுக்கா?”

கூடாரத்தின் முன் பறை முழங்கியது: “துரையே! உன் துபாஷி எங்கள் தண்ணீரைக் கட்டிப்போட்டிருக்கிறான். வேலியைப் பிரிக்கச் சொல்!”

துரை வியந்து எழுந்தான். “யார் இவன்? என்ன கேட்கிறான்?” என்று தன் மொழியில் துபாஷியைக் கேட்டான்.

வரதப்பன் அதே மொழியில் முந்திக்கொண்டான். “இவன் பறையன், துரை. ஊர் ஒதுக்கிவைத்தவன் என்று அர்த்தம். இவன் பேச்சு காதில் விழுந்தாலே தீட்டு.”

துரை முகம் சுளித்தான். கையை வீசி, “பரையா! பரையா!” என்று கத்தினான். றகரத்துக்கு அவன் நாக்கு வளையவில்லை.

காத்தனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. “கேட்டாயா? ‘பறை, ஐயா’ என்கிறார்! நம்மைச் சொல்லச் சொல்கிறார்!” என்று முன்னே ஓடினான்.

சிப்பாயின் துப்பாக்கிக் கட்டை பறையின் நடுவில் இறங்கியது. தோல் கிழிந்தது.

காத்தன் அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, “பேசு, பேசு” என்றான். புதுத் தோல் கட்டினான். நெருப்பில் காய்ச்சித் தட்டினான். முழக்கம் வந்தது. சொல் வரவில்லை. கேணியைச் சுற்றிய வேலி அப்படியே நின்றது. துரையோ அந்த ஒரு சொல்லை, துபாஷி கொடுத்த பொருளோடு கப்பலேற்றிக் கொண்டுபோனான்.

அன்றிலிருந்துதான் பறைக்கு முழக்கம் மட்டும் மிஞ்சியது. எந்த ஊர் எந்த மனிதனை விலக்கினாலும், எந்த நாடு எந்த நாட்டை ஒதுக்கினாலும், சொல்கிறவன் என்ற நம் பெயரைத்தான் இங்கிலீஷ்காரன் ‘பரையா’ என்று வசவாக எடுத்து வீசுகிறான்.