ராஜாவின் சதையைத் திருடியவன்

உக்கிரசேன மகாராஜாவுக்கு உக்கிரமெல்லாம் பேரில் மட்டும்தான். பல்லியைப் பார்த்தாலே கட்டிலில் ஏறி நிற்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை. அந்த நாட்டு வழக்கப்படி, பட்டம் கட்டி மூன்றாம் வருஷத் திருவிழாவில் ராஜா எல்லார் முன்னாலும் இளவட்டக்கல் என்கிற பெரிய உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளில் வைக்க வேண்டும்.

திருவிழாவுக்கு இன்னும் ஆறே மாசம். ராஜா அரண்மனை வைத்தியர் சிவக்கொழுந்தைப் பிடித்துக்கொண்டார். வைத்தியர் பாலையும் பயறையும் காய்ச்சி, வடித்து, சாரத்தை மட்டும் பிரித்து ஒரு பொடி செய்தார். சதைச் சூரணம் என்று பேர்.

"மகாராஜா, தினம் காலையில ஒரே ஒரு கரண்டி. உழைச்சு அலுத்த உடம்புல சதை சீக்கிரம் தேறும். அளவு மீறினா வயிறு கெடும், சிறுநீரகம் திணறும்."

ராஜா காதில் விழுந்தது 'சதை தேறும்' மட்டும்தான். ஒரு கரண்டிக்கே தேறுமென்றால் ஒன்பது கரண்டிக்கு? காலையில் மூன்று, மத்தியானம் மூன்று, ராத்திரி மூன்று என்று வெளுத்துக்கட்டினார். சேர்கிற பலம் வீணாகக் கூடாதாம், அதனால் நடப்பதையும் விட்டுவிட்டார். சாப்பாட்டுக்கூடம் போகக்கூடப் பல்லக்கு!

பல்லக்குத் தூக்கும் நாலு பேரில் ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு மூக்கனை மாட்டிவிட்டார்கள். ராஜா சாப்பிடும் எதையும் விஷம் இருக்கிறதா என்று முதலில் தின்று பார்ப்பதுதான் மூக்கன் வேலை. முருங்கைக்காய் மாதிரி இருப்பான். தினம் காலையில் சூரணத்தில் ஒரு கரண்டி தின்று பார்ப்பான், பிறகு நாள் முழுக்க ராஜாவைச் சுமப்பான்.

திருவிழா வந்தது. ராஜாவுக்கு வயிறு பானையாகி, கால் வீங்கி, பாதி நாள் கொல்லைப்புறத்திலேயே கழிந்துகொண்டிருந்த சமயம் அது. மேளம் முழங்க வந்தார், குனிந்தார், கல்லை முழங்கால் வரைக்கும் தூக்கினார். விட்டார். கல் அவர் கால் கட்டைவிரல் மேலேயே விழுந்தது.

"ஐயோ, அம்மா!"

மூக்கன் பதறி ஓடினான். கல்லை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இதை எங்க வைக்கட்டும் மகாராஜா?" என்றான். சனங்கள் விசிலடித்தார்கள். பாவம், நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்டான்.

"திருடன்!" என்று ராஜா அலறினார். "நான் தின்ன சூரணத்துச் சதை இவன் உடம்புல இருக்கு! என்னமோ செஞ்சு திருடிட்டான். இவன் தலையை வெட்டுங்க!"

மூக்கன் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டு நின்றான். அரண்மனை விகடகவி குழைக்காதன் முன்னால் வந்தான்.

"சரியான தீர்ப்பு மகாராஜா! வெட்ட வேண்டியதுதான்."

அடப்பாவி, இவனுமா என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"ஆனா ஒண்ணு. போன மாசம் கோயில் மணியைத் திருடினவனை என்ன செஞ்சோம்? மணியைத் திரும்ப மாட்ட வச்சுட்டுத்தானே தண்டிச்சோம்? இப்பவே இவனை வெட்டினா உங்க சதையும் சேர்ந்து போயிடுமே!"

ராஜா யோசித்தார். "அட, ஆமா! அதை எப்படித் திரும்ப வாங்குறது?"

"போன வழியாவே வரணும். இவன் தினம் ஒரு கரண்டி தின்னுட்டு உங்களைச் சுமந்தான். இனி நீங்க ஒரு கரண்டி தின்னுட்டு இவனைச் சுமக்கணும். அவ்வளவுதான்!"

சதை ஆசை யாரை விட்டது? ராஜா விரலில் கட்டுப்போட்டுக்கொண்டு மூக்கனைப் பல்லக்கில் ஏற்றினார். மூக்கன் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். மற்ற மூணு பேரும் வழக்கம்போலத் தூக்க, முன்பக்கக் கொம்பில் மூக்கன் இடத்துக்கு ராஜா தோள் கொடுத்தார். பத்தடி போவதற்குள் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. மூச்சு இரைத்தது. பதினோராவது அடியில் பல்லக்கை இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா, இந்தப் பய இவ்வளவு கனமா?"

"இவன் எங்க கனம்? உங்க எடையில பாதிகூட இல்ல. ஆறு மாசமா இவன் தூக்கினது உங்களை மகாராஜா!" என்றான் குழைக்காதன்.

ராஜா வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் மெதுவாகச் சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னேன். உழைச்ச உடம்புக்குத்தான் அது உதவும். உழைக்காத உடம்புல மிஞ்சினதெல்லாம் சிறுநீரகத்துக்குச் சுமை. கொஞ்ச நாளைக்கு அதைத் தொடாதீங்க."

ராஜா மூக்கனைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. "எந்திரிச்சு வாடா மூக்கா, உன் சதை உனக்கே. நான் நாளையிலேருந்து நடக்கிறேன்." மூக்கன் இறங்கி வந்து குழைக்காதன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"குழைக்காதா, ஒரு உயிரைக் காப்பாத்திட்டே. நான் இனிமே நடக்கப் போறேனே, இந்தப் பல்லக்கை நீயே பரிசா வச்சுக்கோ!"

குழைக்காதன் ரெண்டடி பின்னால் குதித்தான்.

"பல்லக்கா? வேண்டாம் மகாராஜா! எனக்கு இருக்கிறதே கொஞ்சூண்டு சதை. அதுவும் தூக்குறவனுக்குப் போயிடும்!"