சிரிக்கச் சொன்ன மாஸ்டர்

குறுக்கே பேசாமல் கேளுங்கள். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. காய் நறுக்கும் பொன்னுத்தாய் நொண்டி நடப்பதைச் சமையல் மாஸ்டர் குழந்தைசாமி நடித்துக் காட்டினார். வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். அவள் வேலையே வேண்டாமென்று எழுந்துவிட்டாள்.

அண்டா கழுவும் வேலப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிடா! இல்லேன்னா நீயும் கிளம்பு!" என்று மாஸ்டர் அதட்டினார்.

"சிரிக்கிறேண்ணே. எது சிரிப்புன்னுதான் புரியல. சொல்லுங்க."

"அவளுக்குக் கால் ஊனம்டா..."

"சரிண்ணே."

"அதனால சாஞ்சு நடக்கிறா..."

"சரி. சிரிப்பு எப்போ வரும்?"

மாஸ்டர் இன்னொரு தடவை நொண்டி நடந்து காட்டினார்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அலமேலு கையை நிறுத்தினாள். "எனக்கும் புரியலண்ணே!"

"எனக்கும்!" என்றது அடுப்படி. அவ்வளவுதான், சிரிப்பு எப்போ வரும் என்று சமையல்கட்டே கேட்டது!

பொன்னுத்தாய் திரும்ப உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் மாஸ்டர் கிண்டலுக்கு வாயெடுத்தால் வேலப்பன் புரியாதவன்போலத் தலையைச் சொறிகிறான். அவர் உப்புப் பார்க்கப் போய்விடுகிறார்.