தீயவர் இல்லாத கோப்பு

எப்சிபா ஓர் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பிப்பவர். சம்பளம் பைபிளுக்காக, பிரியமோ பல தெய்வங்களைக் கும்பிட்ட பழைய கிரேக்க ஞானிகள்மேல். ஞாயிறுதோறும் அவரிடம் பாடம் கேட்க வந்த மாசிலாமணி, உணவுத் துறையில் உயர் அதிகாரி. ஆசிரியரைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். கிரேக்க வினைச்சொற்களில் இன்னும் தடுமாறுவார். தத்துவத்தில் தடுமாறியதே இல்லை.

அன்று அவர் பாடப் புத்தகத்தோடு ஒரு கோப்பையும் கொண்டுவந்திருந்தார். மலைமேல் உள்ள பதினொரு ரேஷன் கடைகளை, பயன்பாடு இல்லை என்று மூடும் உத்தரவு. மூடினால் அங்குள்ளவர்கள் அரிசிக்கு ஒன்பது கிலோமீட்டர் இறங்கி ஏற வேண்டும். மற்ற எல்லோரும் கையெழுத்திட்டாயிற்று. மறுநாள் இவரும் இட்டால் முடிந்தது.

முந்தைய வாரப் பாடம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. தீமைக்குச் சொந்தமாக இருப்பு இல்லை. எவரும் ஏதோ ஒரு நன்மையை நாடியே செயல்படுகிறார்கள். அந்த நன்மை குறைபடும் இடத்தில் தீமை வந்து தொற்றிக்கொள்கிறது.

"இந்தக் கோப்பே சான்று, டீச்சர். இதில் ஒரு தீயவர்கூட இல்லை."

பார்க்கலாமே என்றார் எப்சிபா. பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். எழுத்தர் தேங்கிய வேலையை முடிக்க நினைத்தார். ஆய்வாளர் கடைகளின் விரல்ரேகை இயந்திரம் காட்டியதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார்: விற்பனை, பூஜ்யம். ஆலோசனை நிறுவனம் வீண்செலவைத் தடுக்க விரும்பியது. மிச்சமாவதைச் சத்துணவுக்குக் கொடுங்கள் என்றது நிதித் துறை. அந்த இடத்தில் எப்சிபாவே தலையாட்டினார்.

"அந்தப் பூஜ்யம் நிஜமா, சார்?"

"இயந்திரம் அப்படித்தான் சொல்கிறது."

"நீங்கள் போயிருக்கிறீர்களா?"

போயிருந்தார். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். அங்கே செல்போன் டவர் கிடையாது. பெண்கள் வரிசையாக வந்து இயந்திரத்தில் விரலை வைப்பார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு விற்பனையாளர் இயந்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, அரிசியை நிறுத்துப் போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டை யாரும் கேட்பதில்லை.

"இதைக் கோப்பில் எழுதலாமே."

எழுதினால் கோப்பு முதல் மேஜைக்கே திரும்பிப் போகும் என்றார். ஜூனில் அவருக்கு ஓய்வு. இத்தனை பேர் நல்லெண்ணத்தோடு செய்ததைக் கடைசி ஆள் ஏன் கெடுக்க வேண்டும் என்றும் கேட்டார்.

"நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே, டீச்சர். தீமை என்று ஒன்று இல்லவே இல்லை."

"ஆமாம். இன்னும் இல்லை."

எப்சிபா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கீழே மாசிலாமணியின் பெயர் தட்டச்சாகியிருந்தது. அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். மேஜைமேல் கிடந்த அவருடைய பச்சை மைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அந்த வெற்றிடத்தின் மேல் வைத்தார்.

"தீமைக்குச் சொந்தமாக இருப்பு இல்லை, சார். அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறது."