ராஜா எழுதின கொலைக்கூத்து

மஞ்சக்கரை ராஜா சிங்கமுத்தப்பருக்கு ஒரு வியாதி. கூத்து எழுதுவாரு. அதுக்கு முந்தி சமைக்கிற வியாதி இருந்துச்சு. பாகற்காயில பாயசம் வச்சாரு. மந்திரிமாரெல்லாம் குடிச்சுப்புட்டு "தேனா இருக்கு"ன்னாங்க. பெரிய மந்திரிக்கு அன்னிக்குத் துடிக்க ஆரம்பிச்ச இடது கண்ணு இன்னும் நிக்கல. அது கெடக்கட்டும், கூத்துக்கு வருவோம்.

இந்தத் தடவை எழுதினது கொலைக்கூத்து. முத்து வியாபாரி ஒருத்தரை யாரோ வெட்டிப்புடுறாங்க. விடியுற நேரத்துல ராஜாவே ராஜா வேசம் கட்டி வந்து கொலைகாரனைச் சொல்லுவாரு.

"யாரு மகாராஜா கொலைகாரன்?"னு கேட்டான் சடையாண்டி. அவன்தான் அரண்மனைக் கட்டியக்காரன். மேடைக்கு யாரு வந்தாலும் மறிச்சு, "நீ யாரு, எதுக்கு வந்தே"ன்னு கேக்கிறது அவன் வேலை. பதில் சொல்லாம யாரும் ஆட முடியாது. சாமி வேசம் கட்டினவரும் சொல்லித்தான் ஆகணும்.

ராஜா அவன் காதுகிட்ட வந்தாரு. "நீதான்யா!"

"நானா? நான் எதுக்கு அந்தாளைக் கொல்லணும்?"

"அதெல்லாம் எவன் கேக்கப்போறான்? உன்னை எவனும் சந்தேகப்பட மாட்டான் பாரு, அங்கதான் இருக்கு விசயம்!"

"ராத்திரி பூரா நான் மேடையை விட்டு எறங்கவே மாட்டேனே. எப்பப் போயி வெட்டினேன்?"

ராஜா மூஞ்சி சுருங்கிப்போச்சு. "என் கூத்துல குத்தம் சொல்றவனுக்குப் பாதி மீசையைச் செரைச்சு, கழுதை மேல ஏத்தி ஊரை விட்டே துரத்திருவேன்."

"சொல்லலை மகாராஜா, சொல்லலை."

"நல்லது. கொலைகாரனுக்கும் அதே தண்டனைதான். செரைக்கிறதும் நெசம், கழுதையும் நெசம். சனம் அசந்துரும்!"

சொன்னாலும் கழுதை, சொல்லாட்டியும் கழுதை. சடையாண்டி மகளுக்கு இப்பத்தான் பரிசம் போட்டிருக்கு. சம்பந்தியம்மா மேடைக்கு முன்னாடி பாய் போட்டு உக்காந்திருப்பா. அவ லேசுப்பட்டவ இல்ல. கொழம்புல உப்பு கம்மின்னு ஒரு சம்பந்தத்தையே முறிச்சவ. பாதி மீசையைப் பாத்தா விடுவாளா?

கூத்து ஆரம்பிச்சுது. மேடைக்கு வெளியில "ஐயோ"ன்னு ஒரு சத்தம். வியாபாரி வேசம் கட்டின ஆவுடையப்பன் தள்ளாடி வந்து விழுந்து செத்தாரு. செத்தவரு கொசுக்கடி தாங்காம காலைச் சொறிஞ்சுக்கிட்டே கெடந்தாரு.

பொழுது வெளுக்கிற நேரம் ராஜா கிரீடத்தோட குதிச்சு வந்தாரு. ஓரத்துல நாவிதரு கத்தி தீட்டிக்கிட்டு நின்னாரு. கழுதை, மேடையில கட்டியிருந்த சாமந்தி மாலையைத் தின்னுக்கிட்டு நின்னுச்சு.

சடையாண்டி வழிமறிச்சான். "வர்றது யாரு?"

"மஞ்சக்கரை ராஜா!"

"எதுக்கு வந்தீரு?"

"கொலைகாரனைச் சொல்ல வந்தேன்!"

"வியாபாரியை எப்படிக் கொன்னாங்க ராசா?"

ராஜாவுக்கு ஒரே குசி. "வைக்கப்போருக்குப் பின்னாடி, அரிவாளால ஒரே வெட்டு!"

"அரிவாள் எங்கே?"

"ஊறுகா ஜாடிக்குள்ள!"

சடையாண்டி சனத்தைப் பாத்தான். "ஏம்ப்பா, ராத்திரி பூரா முழிச்சிருந்தீங்களே. வைக்கப்போரு பக்கம் யாராச்சும் போனாங்களா?"

"இல்லே!"

"ஊறுகா ஜாடியை யாராச்சும் தொறந்து பாத்தாங்களா?"

"இல்லவே இல்லே!"

"அப்ப இதெல்லாம் யாருக்குத்தான் தெரியும்?"

சம்பந்தியம்மா எந்திரிச்சா. "வெட்டுனவனுக்குத் தெரியும்! பிடிங்கடா அந்தக் கிரீடக்காரனை!"

"ராசாதான் கொலைகாரன்!"னு சனம் கூவுச்சு. நாவிதரு பாவம், சொன்ன வேலையைச் செய்யிற மனுசன். கத்தியோட ராஜாகிட்ட வந்துட்டாரு.

ராஜா மீசையைப் பொத்திக்கிட்டாரு. "யோவ், நான் எழுதினதால தெரியும்யா!"

"எழுதினவரு மேடைக்கு வரலையே மகாராஜா. ராஜாதானே வந்திருக்காரு? நான் ஒரு குத்தமும் சொல்லலை."

"கழுதை கிட்ட வருதுய்யா! எப்படியாச்சும் காப்பாத்து!"

சடையாண்டி பிணத்தைக் கால்விரலால நோண்டினான். "ஆவுடையப்பா, எந்திரி."

ஆவுடையப்பன் வேட்டியை உதறிக்கட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. "நான் சாகவே இல்லைங்க. மாட்டுல பால் கறக்க நேரமாச்சு, வரட்டுமா?"

செத்தவனே இல்லைன்னா கொலைகாரன் ஏது? சனம் கைதட்டிக்கிட்டே கலைஞ்சுது.

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. முத்து மாலையைக் கழட்டிச் சடையாண்டி கழுத்துல போட்டாரு. "எல்லாம் சரிய்யா. அரிவாள் வெட்டு வாங்கினவன் எந்திரிச்சுப் பால் கறக்கப் போறானே, அது கதையில பெரிய ஓட்டை இல்லையா?"

"கூத்துல செத்தவங்க எல்லாரும் விடிஞ்சா எந்திரிச்சு வீட்டுக்குத்தான் போறாங்க மகாராஜா. அந்த ஓட்டையை மட்டும் இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லை."