காயல்விளையில் கேட்டது

காயல்விளைக்கு ஆராய்ச்சிக்குப் போய்வர ஆரம்பித்ததிலிருந்து பிரம்மசக்திக்குத் தூக்கம் சரியில்லை.

பல வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு உளவியல் ஆராய்ச்சிக்கு வந்தவள் அவள். அவளுக்கு வழிகாட்டி பேராசிரியை ஜெபசெல்வி. வழிகாட்டியைவிட மாணவிக்குத்தான் வயது கூடுதல். அதனால் ஜெபசெல்வி அவளை அக்கா என்றே கூப்பிடுவார். பிரம்மசக்தி மேடம் என்பாள்.

காயல்விளை உப்பளத்தை ஒட்டிய சின்ன ஊர். அங்கே சிலர் ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். மண்ணுக்கு அடியில் எங்கோ மோட்டார் ஓடுவதுபோல விடாத ஒரு முனகல். தலைவலி, படபடப்பு, தூக்கமில்லை. மனு கலெக்டர் வரைக்கும் போனது. மூன்று துறைகள் சேர்ந்து ஆராயட்டும் என்று உத்தரவாயிற்று.

சுற்றுச்சூழல்காரர்கள் வந்து கருவிகளை வைத்தார்கள். உப்பளத்து பம்புசெட்டை நிறுத்திப் பார்த்தார்கள். ஜனங்கள் அப்போதும் கேட்கிறது என்றார்கள். கருவியில் ஒன்றும் விழவில்லை. மருத்துவர்கள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் போனார்கள். காதும் நன்றாக இருந்தது, ரத்தமும் நன்றாக இருந்தது.

மூன்றாவதாகப் போனவள் பிரம்மசக்தி. வீடு வீடாக ஏறி விசாரிப்பது அவள் வேலை.

முதல் முறை போனபோது கீழத்தெருவில் நாலைந்து வீடுகளில்தான் சத்தம் இருந்தது. அடுத்த முறை தெரு முழுக்க இருந்தது. அதற்கடுத்த முறை மேலத்தெருவுக்கும் வந்திருந்தது. பரவுகிறது என்று நினைத்தாள். பயமாக இருந்தது. பெரிய விஷயம் ஒன்று கைக்கு வந்துவிட்டதென்று உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

மேலத்தெருவில் ஒரு வீடு மட்டும் பாக்கி. செந்தூர்க்கனியின் வீடு. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் அப்போதுதான் கைக்குழந்தையோடு திரும்பியிருந்தாள்.

நடுப்பகல். வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. செந்தூர்க்கனி தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசினாள்.

"நல்லாத் தூங்குறியாம்மா?"

"பிள்ள தூங்கினா நானும் தூங்கிருவேன்."

"இந்தச் சத்தம் உனக்குக் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"மோட்டார் ஓடுற மாதிரி. அடியில இருந்து."

"அப்படி ஒண்ணும் கேக்கலியே" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தொட்டிலை ஆட்டிய கையும் நின்றது. தூரத்தில் யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கழுத்தைச் சாய்த்தாள்.

"ஆமா" என்றாள் மெதுவாக. "கேக்கு."

பிரம்மசக்தி எழுதுவதை நிறுத்தினாள். ஒரு மனுஷிக்குள் சத்தம் நுழைவதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். கீழத்தெருவிலிருந்து மேலத்தெருவுக்குச் சத்தம் நடந்து வரவில்லை. வீடு வீடாக விசாரித்துக்கொண்டு அவள்தான் நடந்து வந்திருக்கிறாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கும் கேட்க ஆரம்பித்தது. வீட்டிலும் கேட்டது. தலையணைக்கு அடியில் கேட்டது.

கொஞ்ச நாளில் ஊரிலிருந்து செய்தி வந்தது. செந்தூர்க்கனிக்குத் தூக்கம் போய்விட்டது. தாய்ப்பால் குறைந்துவிட்டது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி தாய்வீட்டுக்கே அனுப்பிவிடலாமென்று புருஷன் சொல்கிறான்.

பிரம்மசக்தி ஜெபசெல்வியின் அறைக்கு ஓடினாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு போனா சத்தமும் கூடவே அந்த ஊருக்குப் போயிடும் மேடம். அங்க எத்தன வீடோ."

ஜெபசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

"அந்தச் சத்தம் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கருவியில இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு."

"இல்லாத சத்தம்னு ஊரக் கூட்டிச் சொல்லிடட்டுமா?"

"உங்களுக்குத் தெரியும்தானே, இல்லாத சத்தம்னு?"

"தெரியும்."

"நின்னுடுச்சா?"

இல்லை என்று பிரம்மசக்தி தலையசைத்தாள்.

"நாளைக்கு அந்த வீட்டுக்குப் போவோம்" என்றார் ஜெபசெல்வி. "நான் பேசுறேன். நீங்க சும்மா உக்காந்திருங்க."

மறுநாள் போனார்கள். செந்தூர்க்கனியின் கண்கள் உள்ளே போயிருந்தன. குழந்தை அழுது அழுது குரல் கம்மிக் கிடந்தது. ஜெபசெல்வி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினார். எதற்காக வந்தோம் என்று சொல்லவில்லை. மூக்கு யார் சாடை என்று விசாரித்தார். இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று விசாரித்தார். பேசப் பேசக் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார்.

செந்தூர்க்கனி முன்னால் சாய்ந்து பார்த்தாள். பேச்சு பிடிபடவில்லை. ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

ஜெபசெல்வி இன்னும் தாழ்த்தினார். தன் மகனை முதல் தடவை குளிப்பாட்டும்போது சோப்பு நுரையில் கை வழுக்கியதை ஏதோ ரகசியம்போலச் சொன்னார். செந்தூர்க்கனி மற்ற காதுப் பஞ்சையும் எடுத்தாள்.

"இப்பவும் அப்படித்தான பிடிச்சிருக்கீங்க" என்றாள். "தலைக்கு அடியில கை குடுக்கணும் மேடம். குடுங்க இங்க."

குழந்தையை வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தையின் அழுகை அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் தலையும் சுவரில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குழந்தையை அணைத்த கை மட்டும் இறுகி இருந்தது.

பிரம்மசக்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெயில் சாயும் வரை இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்ப எழுந்தபோது செந்தூர்க்கனி விழித்துக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. "காப்பி போடுதேன், இருந்து குடிச்சிட்டுப் போங்க" என்றாள். இன்னொரு நாள் வருகிறோம் என்று ஜெபசெல்வி படியிறங்கினார்.

பின்னால் வந்த பிரம்மசக்தி வாசலில் நின்றாள். வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். முடியவில்லை.

"இப்ப கேக்கலதானம்மா?"

செந்தூர்க்கனியின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. தரையில் கிடந்த பஞ்சை எடுத்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு உப்பளக் கரைமேல் நடந்துதான் போகவேண்டும். பிரம்மசக்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

"கெடுத்துட்டேன் மேடம். நின்னுடுச்சான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிடுச்சு. அடக்க முடியல."

"தெரிஞ்சுக்கணும்னு தோணாதவங்க நம்ம தொழிலுக்கு வர மாட்டாங்க அக்கா."

"அந்தப் பொண்ணு சரியாயிடுவாளா?"

"நாளைக்கும் வருவேன். அடுத்த நாளும் வருவேன். நீங்க வரவேண்டாம்."

காற்று நின்றிருந்தது. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெண்மை இரண்டு பக்கமும் எல்லையில்லாமல் கிடந்தது. அவ்வளவு அமைதியில் பிரம்மசக்திக்கு அந்த முனகல் கால் வழியாக ஏறி வந்தது. பக்கத்தில் ஜெபசெல்வி கையை வீசிக்கொண்டு, வீட்டுக்குப் போகிறவரைப்போல நிம்மதியாக நடந்தார். இந்த ஊரில் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு எப்படி இவரால் இப்படி நடக்க முடிகிறது என்று பிரம்மசக்திக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மேடம்."

"சொல்லுங்க."

"உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்குதா?"

ஜெபசெல்வி நின்றார். மெல்லக் கழுத்தைச் சாய்த்தார்.

"இவ்வளவு நேரம் கேக்கல அக்கா" என்றார். "இப்ப நீங்க கேட்டுட்டீங்களே."