ராசா தின்ன கோழி

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊராம், அந்த ஊர்ல வெள்ளத்தாயி வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ கொல்லையில கோழி வளத்தா, அவ புருசன் முத்திருளன் அதே கொல்லையில நாய் வளத்தான். அந்த வீட்டுல யாருக்கு நிம்மதி இருந்திருக்கும், சொல்லுங்க பாப்போம்? கோழிக்கு இருந்துச்சு, நாய்க்கு இருந்துச்சு, முத்திருளனுக்கும் இருந்துச்சு. வெள்ளத்தாயிக்குத்தான் இல்ல.

நாய் ஒண்ணா ரெண்டா, மூணு. ஒண்ணு எந்தச் சட்டியத் தெறந்து வச்சாலும் தலைய விட்டுடும், அதனால அதுக்குப் பேரு சட்டி. இன்னொண்ணு வாசல்ல குறுக்கப் படுத்தா அசையவே அசையாது, அது மூட்டை. மூணாவது, குட்டியா வந்த அன்னைக்கே வெறுந்தரையில படுக்க மாட்டேன்னுச்சு. சாக்கு விரிச்சா வேணாம், வைக்கோல் போட்டா வேணாம். எங்கடா போச்சுன்னு தேடி, குஞ்சுகளக் கவுத்து வச்ச பஞ்சாரக் கூடையத் தூக்கிப் பாத்தா, குஞ்சுகளுக்கு நடுவுல சுருண்டு கெடக்கு.

"நமக்கு வாச்ச ராசாவப் பாரு புள்ள!"ன்னு முத்திருளன் சிரிச்சான். ராசான்னே பேரு நெலச்சுப் போச்சு.

அன்னைக்கு ராசாவோட படுத்திருந்த குஞ்சுல ஒண்ணுதான் வெள்ளச்சி. வளந்து பால் மாதிரி வெள்ளைக் கோழியாச்சு, ஆனாலும் ராசாவ விடல. மத்தியானமானா ராசா காத விரிச்சுப் படுக்கும், வெள்ளச்சி மேல ஏறி நின்னு இந்தக் காதுல ஒரு உண்ணி, அந்தக் காதுல ஒரு உண்ணின்னு கொத்திக் கொத்தித் திங்கும். ராசா கண்ண மூடிக்கிட்டு சொகமாக் கெடக்கும்.

"பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? நாயும் கோழியும் பண்ற வேலையா இது?"ன்னு வெள்ளத்தாயி தலையில அடிச்சுக்குவா.

அப்படி இருக்கையில, அந்த நாட்டு ராசா தண்டோரா போடச் சொன்னார். "வர்ற பௌர்ணமிக்கு ஆத்து மணல்ல கோழிக் காட்சி! எந்தக் கோழி ஒசத்தியோ, அதுக்கு வெள்ளிக் கொலுசு!" கோழிக்குக் கொலுசான்னு என்னையக் கேக்காதீங்க, ராசாவுக்குத் தோணுச்சு, அவ்வளவுதான்.

வெள்ளத்தாயி வெள்ளச்சிய சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினா. சட்டி ஓடி வந்து சேத்துத் தண்ணிய அதுமேல ஒதறுச்சு. திரும்பக் குளிப்பாட்டிக் காய வச்சா. மூட்டை வந்து அந்த எடத்துலயே படுத்துச்சு. திரும்பவும் குளிப்பாட்டினா. ராசா வந்து தலையில இருந்து வால் வரைக்கும் நக்கி வச்சுச்சு.

"ஏங்க! ஒண்ணு இந்த நாய்ங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

"நீயும் இரேன், எடமா இல்ல?"ன்னான் முத்திருளன்.

காட்சிக்கு மொத நாள் காலையில பாத்தா, வெள்ளச்சியக் காணோம். ராசா படுக்குற எடத்துல மட்டும் வெள்ளை எறகு செதறிக் கெடக்கு. வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து நல்லமுத்து தலைய நீட்டினான். பேருதான் நல்லமுத்து.

"தங்கச்சி, சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். ராசாதான் தின்னான். எங் கண்ணால பாத்தேன்."

"ராசாவா? அதுக்கு சோறு பெசஞ்சு வச்சாலே பாதிய அந்தக் கோழிக்கு விட்டுக் குடுக்குமேண்ணே!"

"ருசி கண்டிருச்சும்மா. இன்னைக்கு உங்க கோழி, நாளைக்கு எங்க கோழி."

அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு. கோழி தின்ன நாயோட கழுத்துல அந்தக் கோழி எறகையே மாலையாக் கட்டி, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டுடணும். அந்தப் பக்கம் காடு, போன நாய் திரும்பினதே இல்ல. ஊரே கூடி நாளைக்கு விட்டுடணும்னு சொல்லிருச்சு. முத்திருளன் செவத்தப் பாத்து உக்காந்தவன் திரும்பவே இல்ல.

"வளக்குறது நீங்க, கொண்டு போய் விடுறது நானா?"ன்னு கத்திட்டு, மறுநாள் அவளே ராசா கழுத்துல எறகு மாலையப் போட்டு, கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போனா. கத்துறாளே ஒழிய, கண்ணு ரெண்டும் கலங்கித்தான் இருந்துச்சு. புளியமரத்தடியில ராசா உக்காந்துச்சு. "எந்திரி." கெணத்தடியில உக்காந்துச்சு. "எந்திரிடா." ஆத்து மணலுக்கு வந்ததும் உக்காந்தே உக்காந்துருச்சு. அங்கதான் காட்சி நடக்குது, வரிசை வரிசையா கோழி, நடுவுல நாற்காலி போட்டு மகாராசா. பசி தாங்காம அவரு ஒரு கோழிக்காலக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு.

வெள்ளத்தாயிக்குப் பொறுமை போயிருச்சு. அடிவயித்துல இருந்து கத்தினா: "ஏ ராசா! கோழியத் தின்னுபுட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி முழிக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

மகாராசாவுக்குக் கோழிக்கால் தொண்டையில சிக்கிருச்சு. "எ... எந்தக் கோழிம்மா?"

கூட்டத்துல நின்ன நல்லமுத்து முந்திரிக்கொட்டையா முன்னால வந்தான். அவன் கையில, கயித்துல கட்டின கன்னங்கரேல்னு ஒரு கோழி. "ஆமா மகாராசா! ராசா திருட்டுத்தனமாத் தின்னான். நான் பாத்தேன்!"

"நானா திருடித் தின்னேங்கறே?"

"ஐயோ, நீங்க இல்ல ராசா, இந்த ராசா!"

"எந்த ராசா?"

"நாய் ராசா!"

"யாருடா நாய்?"ன்னு மகாராசா எந்திரிச்சுட்டாரு.

சிரிக்காதீங்க, இங்கதான் விசயமே. அந்தக் கூச்சல்ல ராசா கயித்தப் பிடுங்கிக்கிட்டு உள்ள ஓடிருச்சு. நாயக் கண்டதும் அத்தனை கோழியும் கெக்கெக்குன்னு பறக்குது, ஆளுங்க பின்னால ஓடுறாங்க. ஒரே ஒரு கோழி மட்டும் பறக்கல. நல்லமுத்துவோட கருப்புக் கோழிதான். அது கயித்த இழுத்துக்கிட்டு நிதானமா நடந்து வந்துச்சு, ராசா படுத்துச்சு, கோழி மேல ஏறுச்சு, இந்தக் காதுல ஒரு உண்ணி, அந்தக் காதுல ஒரு உண்ணி. ராசா சந்தோசத்துல திரும்பி அதத் தலையில இருந்து வால் வரைக்கும் நக்குச்சு.

வெள்ளத்தாயி பாக்குறா, நாயோட வாயெல்லாம் கருப்பு. "அடப்பாவி, ராசா மூஞ்சியில கரியப் பூசிட்டானே!"ன்னு அலறினா. மகாராசா அவசர அவசரமாத் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு.

நக்கின எடமெல்லாம் கோழி வெள்ளவெளேர்னு இருக்கு.

"வெள்ளச்சீ!"

"ஏண்டா, உன் கோழி கருப்பா வெள்ளையா?"ன்னாரு மகாராசா.

"வெயில்ல... வெளுத்திருக்குங்க, மகாராசா."

கொலுசு ஆசையில வெள்ளச்சியத் திருடி, அடுப்புக்கரிய எண்ணெயில கொழச்சுப் பூசியிருக்கான். எறகப் பிச்சு நாய்கிட்டப் போட்டதும் அவன்தான். மகாராசா நாய் கழுத்துல இருந்த எறகு மாலையக் கழட்டி நல்லமுத்து கழுத்துல போட்டு, "கெளம்பு, ஆத்துக்கு அந்தப் பக்கம்"ன்னாரு.

"வேணாம் மகாராசா"ன்னா வெள்ளத்தாயி. "அங்க போனா அங்க இருக்குற காட்டுக்கோழிக்கு ஆபத்து. இங்கயே இருந்து எங்க மூணு நாய்க்கும் உண்ணி பொறுக்கட்டும். கோழிக்கும் ஓய்வு வேணாமா?"

அப்படியே ஆச்சு. எறகு மாலையும் கழுத்துமா நல்லமுத்து தெனம் மத்தியானம் வந்து குத்தவச்சு உண்ணி பொறுக்கினான். நாய்க்குப் பயப்படாத ஒரே கோழின்னு வெள்ளச்சிக்கே கொலுசு கெடச்சுது. மகாராசா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "தாயி, அந்த நாய் பேர மட்டும் மாத்திரு."

மாத்தாம இருப்பாளா? மகாராசா பக்கத்துல நின்ன மந்திரியப் பாத்தா, நாய்க்கும் மந்திரின்னே பேரு வச்சுட்டா. அடுத்த வருசக் காட்சியில அவ "ஏ மந்திரி, அண்டாவுல இருந்து வாய எடு!"ன்னு கத்தினா பாருங்க, அங்க ஒருத்தர் பதறிப் போய்க் கரண்டியக் கீழ போட்டாரு.

வாயில்லாத சீவன் மேல பழியப் போட்டா, அது பேசாது. நக்கியே காட்டிக் குடுத்துரும். கோழி அடைஞ்சாச்சு, நாய் படுத்தாச்சு, கதையும் கண்ண மூடியாச்சு.