பாதி மீசை

"அவளேதான வந்தா. நான் என்ன தூக்கிட்டா போனேன்?"

இசக்கிராஜ் இதைச் சொன்னபோது அவன் கையில் சவரக் கத்தி இருந்தது. கத்திக்குக் கீழே ஒரு வாடிக்கையாளரின் கழுத்து இருந்தது.

கழுத்தில் சிவப்பாக ஒரு பொட்டு கிளம்பியது.

சலூன்காரர் ஜெபசிங் வந்து கத்தியை வாங்கிக்கொண்டார். படிகாரம் தேய்த்தார். மீதிச் சவரத்தைத் தானே முடித்து, மன்னிப்புக் கேட்டு, ஆளை அனுப்பிவைத்தார்.

தூத்துக்குடியில் அந்த சலூனுக்குப் பெயர்ப்பலகை உண்டு. யாரும் படித்ததில்லை. மீசைக்காரர் கடை என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். ஜெபசிங்கின் மீசை அப்படி. முளைத்த நாளிலிருந்து அதை அவர் எடுத்ததில்லை. கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் கேட்டும் எடுக்கவில்லை. ஓரம் வெட்டுவதுகூடத் தன் கையால்தான்.

இசக்கிராஜ் அவரிடம் தொழில் படிக்கிறவன். வயது பத்தொன்பது. காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். சுபிதா பஜாரில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அவனைவிட ஒரு வயது மூத்தவள். கொஞ்ச நாளாகப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவன் பைக்கில் ஏறி சினிமாவுக்கு வந்தாள். இடைவேளையில் ஒரே பொட்டலத்தில் பாப்கார்ன் தின்றாள். விளக்கு அணைந்ததும் தோளில் சாய்ந்தாள். அவன் முத்தம் கொடுத்தான். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவன் கை அவள் இடுப்புக்குப் போனது. வேணாம் என்றாள். கை நிற்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வேணாம் என்றாள். கை நிற்கவில்லை.

எழுந்து போய்விட்டாள். ஆட்டோவில் ஏறும்போதே அவன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள்.

இது கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. அவனேதான் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். நீயெல்லாம் மீசை வச்சு என்னலே பிரயோசனம் என்றார்கள்.

சாயங்காலம் மூன்று பேருமாக அவள் கடைக்குப் போவது, முதலாளி முன்னால் வைத்தே அவளைக் கேட்பது, பதில் வராமல் வெளியே விடுவதில்லை என்று முடிவாகியிருந்தது. அப்படி ஒரு கூச்சல் நடந்தால் அவள் வேலை அன்றோடு போகும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

இப்போது கூட்டாளிகள் ரெண்டு பேரும் சலூன் வாசலில் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அரை மணி நேரம் விடுங்க அண்ணே. கேட்டுட்டு வந்துருதேன்."

"என்ன கேப்ப?"

"பாதியில எந்திரிச்சுப் போனதுக்குக் காரணம்."

"வேணாம்னு சொன்னாளா?"

"சொன்னா."

"பிறவு?"

"பொம்பளப் பிள்ளைங்க மொத தடவ அப்படித்தான் சொல்லும். அது வெட்கம்."

"ரெண்டாவது தடவையும் சொன்னாளா?"

"அது ரெண்டாவது வெட்கம்."

சொல்லிவிட்டு இசக்கிராஜ் சிரித்தான். ஜெபசிங் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதனால்தான் என்று நினைக்க வேண்டாம். மகள் இல்லை. தங்கச்சியும் இல்லை. இதற்குக் கோபப்பட அதெல்லாம் தேவையில்லை.

இசக்கிராஜ் விடுவதாக இல்லை. பைக்கில் ஏறத் தெரிந்தது, சாயத் தெரிந்தது, அப்புறம் எங்கிருந்து வந்தது வேணாம் என்று கேட்டான். இது வேணும், அது வேணாம் என்று பிரித்துச் சொல்ல இது என்ன ஓட்டலா என்று கேட்டான்.

ஜெபசிங் சவர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். துணியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார். தலையைச் சாய்த்தார்.

"மீசைய எடு."

இசக்கிராஜ் அசையவில்லை.

"எடுலே. நானாத்தான வந்து உட்கார்ந்தேன். நீ தூக்கிட்டா வந்த?"

"இல்ல."

"நடுவுல நான் என்ன சொன்னாலும் காதுல வாங்காத. கைய நிறுத்தாத. நிறுத்தினா நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

வெளியே மறுபடியும் ஹாரன். இசக்கிராஜுக்கு எரிச்சலாக வந்தது. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாம். கத்தரியை எடுத்து இடது பக்கத்தை ஒட்ட வெட்டினான். நுரை பூசினான். புது பிளேடு மாட்டி இழுத்தான்.

இடது பக்கம் போய்விட்டது. அந்த இடம் மட்டும் வெளுப்பாக, வேறு யாரோ ஒருத்தருடைய உதடு மாதிரி இருந்தது.

கத்தரி வலது பக்கம் வந்தது.

"வேணாம்," என்றார் ஜெபசிங்.

இசக்கிராஜ் நிறுத்தவில்லை. மீசை முனையைப் பிடித்து இழுத்தான்.

"வேணாம்லே."

நடிக்கிறார் என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தான்.

அந்த முகம் நடிக்கவில்லை. இப்படி ஆகும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். கண் எங்கேயோ வாசலைத் தேடியது. துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. தள்ளவில்லை. தள்ளினால் கத்தரி முகத்தில் இறங்கும். சும்மா பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கை வியர்த்திருந்தது.

ஏசி தியேட்டரில் அவள் கையும் இப்படித்தான் வியர்த்திருந்தது. கூட்டாளிகளிடம் எல்லாவற்றையும் சொன்னவன் அதை மட்டும் சொல்லவில்லை.

வெளியே ஹாரன் விடாமல் அடித்தது.

"ஏலே, ஆம்பளையா இருந்தா வெளிய வா."

ஆம்பளையா இருந்தா வா என்று அவர்கள் சொன்னார்கள். கையை நிறுத்தாதே என்று இவர் சொல்லியிருந்தார்.

ரெண்டையும் அவன் செய்யவில்லை.